வண்டி நின்னாலும் டியூ நிக்காது
(சிறு சரக்கு வாகன உரிமையாளர்களுக்கான இணையவழிச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இணைப்பில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டீயரிங் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்திவிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் அப்புறமா இதழில் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு லோடு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் குட்டியானை, பிக்கப் என்று பேச்சு ஓடுகிற வீட்டில் வளர்ந்தவள். என் தாய்மாமா தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் பிக்கப் வைத்திருக்கிறார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் மார்க்கெட்டுக்குப் போவார், திரும்பும்போது கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். இன்றைக்கு நான் சொல்லப்போகிற கணக்கெல்லாம் அவருடைய நோட்டில் இருந்து எடுத்தது. "பேரைச் சொல்லாத, கணக்கைச் சொல்லு" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

முதலில் 2023 டிசம்பருக்குப் போகலாம். 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் மறுநாளும் தென் மாவட்டங்களில் கொட்டின மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ரயிலும் பயணிகளும் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஏரலுக்குள் வந்துவிட்டது.

மாமா முந்தின நாள் ராத்திரியே வண்டியை மேட்டு ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அது ஒரு புத்திசாலித்தனம். ஆனால் டேங்கில் கால்வாசிதான் டீசல். அதையும் இரண்டு நாளில், முழங்கால் தண்ணீரில் நின்றவர்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய் விடுவதிலேயே ஓட்டித் தீர்த்துவிட்டார். அதற்கு வாடகை கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை.

அதற்கு அப்புறம்தான் தட்டுப்பாடு. பக்கத்துப் பங்க் தண்ணீருக்குள். அதற்கு அடுத்த பங்கில் கரண்ட் இல்லை. மூன்றாவது பங்கில் சரக்கு இல்லை, டேங்கர் லாரி வர ரோடு இல்லை. ஐந்தாவது நாள் ஒரு பங்க் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று 20 லிட்டர் போட்டார். 12 கிலோமீட்டர் போயிருப்பார். வண்டி குலுங்கி, இழுவை போய், நின்றேவிட்டது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் டீசலோடு தண்ணீர். பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் வெள்ளம் இறங்கியிருக்கிறது.

இரண்டு இன்ஜெக்டர், ஃபில்டர், டேங்க் கழுவி, பம்ப் வேலை எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்.

பங்குக்குப் போய்க் கேட்டதற்கு, "எங்ககிட்டதான் போட்டீங்கன்னு என்ன ஆதாரம்?" என்று ஒரே கேள்வி. மாமாவிடம் பில் இல்லை, ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். அந்த வரிசையில் யார்தான் பில் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். மாமாவும் அதைத்தான் சொன்னார்: "ஏட்டி, பின்னால நூறு வண்டி ஹாரன் அடிக்கான். நான் பில்லு கேட்டு நின்னா அடிச்சே போட்டுருவான்."

வண்டி 11 நாள் நின்றது. ஜனவரி 5-ம் தேதி டியூ. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் இந்தப் பேச்சுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். அந்த 11 நாள் ஒரு பிக்கப் உரிமையாளருக்கு என்ன செய்யும் என்று புரியணும்னா, வண்டி நல்லா ஓடுகிற ஒரு மாதத்தைப் பார்க்கணும்.

2024-ல் ஒரு மாதம், மாமாவின் நோட்டில் இருந்து. 20 டிரிப். போக வர 240 கிலோமீட்டர், மாதம் 4,800 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கிறது. டிரிப்புக்கு 17 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 1,581 ரூபாய். மாதத்துக்கு 31,620. டியூ 19,833. இன்சூரன்ஸ் வருஷத்தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 3,200. டயர் ஒரு செட் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று கிலோமீட்டருக்கு 70 பைசா, அது ஒரு 3,360. ஆயில், சர்வீஸ் 2,500. சுங்கம், டீ, சாப்பாடு டிரிப்புக்கு 300 என்று 6,000. கூட்டினால் 66,513 ரூபாய் செலவு.

வாடகை டிரிப்புக்கு 4,000. இருபது டிரிப்புக்கு 80,000. மிச்சம் 13,487.

இதில் டிரைவர் சம்பளம் எங்கே என்று தேடாதீர்கள். கிடையாது. அந்த 13,487-தான் மாமாவின் சம்பளம், லாபம், எல்லாம். ஒரு டிரைவரை வேலைக்கு வைத்தால் அந்தத் தொகைக்கு வரமாட்டார். இந்தக் கணக்கை நான் முதல் தடவை போட்டுக் காட்டியபோது மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நீ டயரையெல்லாம் எதுக்குச் சேக்க? அது அன்னைக்கு வரும்போது பாத்துக்கிடலாம்" என்றார். நம்ம ஆட்கள் நிறைய பேர் இப்படித்தான் இருக்கிறோம். டயர் வாங்குகிற அன்றைக்கு 28,000 ரூபாய்க்குக் கைமாற்று வாங்குகிறோம்.

இப்போ தட்டுப்பாட்டை இதில் வைத்துப் பாருங்கள். ஒரு டிரிப் போகாவிட்டால் டீசலும் டயரும் சுங்கமும் மிச்சம், வாடகை போய்விடும். நிகரமாக 1,951 ரூபாய் நஷ்டம். டியூவும் இன்சூரன்ஸும் நின்றுகொண்டே ஓடும். மூன்று டிரிப் போச்சுன்னா 5,853. மாத வருமானத்தில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி. அந்த வெள்ளத்தில் மாமாவுக்கு எட்டு டிரிப் போச்சு. அது 15,608. ரிப்பேர் 38,000-ஐச் சேர்த்தால் நாலு மாத உழைப்பு.

விலை ஏறினால்? 340 லிட்டர் போடுகிறவருக்கு லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் மாதம் 1,700. வலிக்கும், ஆனால் டீசல் கிடைக்காமல் ஒரு நாள் நிற்பது அதைவிட வலிக்கும். டீசல் விலையைச் சந்தையோடு விட்டது 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16-ல் இருந்து தினமும் விலை மாறலாம் என்று ஆயிற்று. ஆனால் நம்ம லோடு வாடகை மட்டும் வருஷக்கணக்கில் மாறாது! வியாபாரியிடம் வாடகை பேசும்போதே, "டீசல் இத்தனை ரூபாயைத் தாண்டினால் டிரிப்புக்கு இவ்வளவு கூட" என்று ஒரு வரி பேசி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்துவிடுங்கள். மாமாவுக்கு ஒரு வியாபாரி ஒத்துக்கொண்டார், இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் ஒத்துக்கொண்டதே லாபம்.

டியூவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். 2022-ல் வண்டி எடுத்தபோது 7 லட்சம் கடன், "வட்டி வெறும் 9 பர்சென்ட்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது ஃப்ளாட் வட்டி. நாலு வருஷத்துக்கும் முழு 7 லட்சத்துக்கும் 9 சதவீதம் போட்டால் வட்டி மட்டும் 2,52,000. மொத்தம் 9,52,000, அதை 48-ஆல் வகுத்தால்தான் அந்த 19,833. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால், இது கிட்டத்தட்ட 16 சதவீத வட்டி. 9 எங்கே, 16 எங்கே!

2024 அக்டோபர் 1 முதல் எடுக்கிற புதுக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது. கடன் கொடுக்கிறவர் முக்கிய விவரத் தாள் என்று ஒன்று கொடுக்கணும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி வீதம், ஏபிஆர், இருக்கணும். உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்கணும். அடுத்த வண்டி எடுக்கப் போகிறவர்கள் ஷோரூமில் வண்டி கலரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள். சரக்கு வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதையும் விலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 7,500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு, 2022-ல் அறிவித்த வீதப்படி வரி நீங்கலாக 16,049 ரூபாய். அது மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டி வெள்ளத்தில் போனாலும் ஒரு ரூபாய் வராது. முழுக் காப்பீட்டிலும் கெட்ட டீசலால் வந்த இன்ஜெக்டர் கோளாறு மாதிரி விஷயங்களை வழக்கமாக ஏற்கமாட்டார்கள். மாமாவுக்கும் அதுதான் நடந்தது. முழுக் காப்பீடு இருந்தும் அந்த 38,000 கைக்காசுதான்.

இனி தட்டுப்பாடு வந்தால் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தட்டுப்பாட்டில் இரண்டு வகை. ஒன்று, நிஜமாகவே சரக்கு இல்லாதது. 2022-ல் இலங்கையில் நடந்தது அந்த வகை. டாலர் இல்லை, கப்பல் வரவில்லை. வருஷத் தொடக்கத்தில் லிட்டர் 121 இலங்கை ரூபாயாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460 ஆயிற்று. நம்ம குட்டியானைக்கு யாழ்ப்பாணத்தில் 'பட்டா' என்று பெயர். அந்தப் பட்டா வண்டிகளெல்லாம் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தன. அப்புறம் அரசு க்யூஆர் கோடு முறை கொண்டுவந்தது. வண்டியைப் பதிவு செய்தால் போனுக்கு ஒரு க்யூஆர் வரும், பங்கில் அதை ஸ்கேன் செய்தால் அந்த வார அளவுக்குத்தான் கிடைக்கும். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20, லாரிக்கு 50. 2023 செப்டம்பர் தொடக்கத்தில்தான் அதை நிறுத்தினார்கள். நிலைமை சரியாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வரிசை சுருங்கியதில் அந்த க்யூஆருக்குப் பெரிய பங்கு உண்டு. மின்னாளுமை என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரு சின்னக் கட்டம் போட்ட படம் செய்துகாட்டியது.

இரண்டாவது வகை, பயத்தால் வருவது. 2024 ஜனவரி முதல் இரண்டு நாள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். விபத்து செய்துவிட்டு ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்கிற புதுச் சட்டப்பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் நிறுத்தம் செய்தார்கள். ஹைதராபாத்தில் பங்குகளில் வரிசை. சண்டிகரில் பைக்குக்கு 2 லிட்டர், காருக்கு 5 லிட்டர் என்று கட்டுப்பாடே போட்டார்கள். 2-ம் தேதி இரவே பேச்சுவார்த்தையில் விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பல பங்க் காலி. வழக்கமாகப் 10 லிட்டர் போடுகிறவர் எல்லாம் 40 லிட்டர் போட்டால், நாலு நாள் சரக்கு ஒரே நாளில் தீரும். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வண்டி நின்றால் சோறு நிற்கும் என்கிறவர் பயப்படாமல் இருப்பாரா? ஆனால் "நாளை முதல் டீசல் இல்லை" என்று வருகிற வாட்ஸ்அப் செய்தியை நாலு குழுவுக்கு அனுப்புவதற்கு முன்னால், எண்ணெய் நிறுவனத்தின் செயலியையோ மாவட்ட நிர்வாகத்தின் சமூக ஊடகப் பக்கத்தையோ ஒரு நிமிஷம் பாருங்கள்.

டேங்கை எப்போதும் பாதிக்குக் கீழே விடாதீர்கள். இது பெட்ரோல் வண்டிக்காரரைவிட டீசல் வண்டிக்காரருக்கு முக்கியம். பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றிக்கொண்டு கிளம்பலாம். டீசல் சுத்தமாகத் தீர்ந்தால் லைனில் காற்று புகுந்துவிடும், ஏர் பிடிச்சிருச்சுன்னு சொல்வோமே, அதை வெளியேற்றாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புது வண்டிகளில் உயர் அழுத்தப் பம்புக்கு அந்த டீசலேதான் மசகு. காய விட்டால் பம்ப் தேயும். வரிசையில் நின்று தீர்ந்துபோகிற அரை லிட்டர், ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும்.

கேனில் வாங்கி வீட்டில் அடுக்குவதும் வேண்டாம். தீ ஆபத்து ஒரு பக்கம், பாதி நிரம்பிய கேனில் ஈரம் கோத்து அந்தத் தண்ணீர் கடைசியில் உங்கள் ஃபில்டருக்குத்தான் வரும்.

பங்கில் உங்களுக்கு இருக்கிற உரிமைகள் நிறைய பேருக்குத் தெரியாது. அளவில் சந்தேகம் என்றால், பங்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை இருக்கணும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். டீசலின் அடர்த்தியையும் சோதித்துக் காட்டச் சொல்லலாம், அன்றைய பதிவுக்கும் சோதனைக்கும் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஃபில்டர் பேப்பர் சோதனை பெட்ரோலுக்குத்தான், டீசலுக்கு அதைக் கேட்டு நிற்காதீர்கள்.

வெள்ளம் வடிந்த ஊரில் என்றால் இன்னொன்று. கலக்காமல் அடியில் தங்குகிற தண்ணீரை அடர்த்திச் சோதனை காட்டிக்கொடுக்காமல் போகலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும், இல்லையென்றால் மங்கலாகக் கலங்கி நிற்கும். பங்க்காரர்கள் நிலத்தடித் தொட்டியில் அளவுகோல் விடும்போது நுனியில் ஒரு பசை தடவுவார்கள், தண்ணீர் பட்டால் நிறம் மாறும். "தண்ணிப் பசை போட்டுப் பாத்தீங்களா அண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டாலே போதும், கேட்கிறவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிடும். உங்கள் வண்டி ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு இருக்கும், அதை மழைக்காலத்தில் மெக்கானிக்கிடம் சொல்லித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் பில் கேட்க முடியாது என்கிற மாமாவின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் இருந்தது. அப்புறம் தோன்றியது: யுபிஐயில் கட்டினால் நேரமும் தொகையும் பங்கின் கணக்குப் பெயரும் தானாகவே போனில் இருக்கும். கூடவே மீட்டர் நின்றதும் ஒரு போட்டோ. இரண்டும் பில்லுக்கு முழுச் சமம் கிடையாது, ஆனால் "என்ன ஆதாரம்?" என்று கேட்கிறவர் முன்னால் வெறுங்கையோடு நிற்கவேண்டியதில்லை.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாநில அளவில் முதல்வரின் முகவரித் துறை உதவி எண் 1100. அளவு குறைவு என்றால் அது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு பார்க்கிற வேலை. எங்கே சொன்னாலும் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பின்தொடர முடியாது. இதை அரசு ஊழியராக அல்ல, வரிசையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

காகிதங்கள் பற்றி ஒரு நிமிஷம். வெள்ளத்தில் மாமா வீட்டில் ஆர்சி புக்கும் இன்சூரன்ஸும் ஊறிப்போனது. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹனிலோ இருக்கிற ஆவணம் சாலைச் சோதனையில் செல்லும், 2018-லேயே விதி வந்துவிட்டது. எஃப்சி எட்டு வயது வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. இது எதற்கும் நீங்கள் புரோக்கருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

டீசலை விட்டுவிடலாமா என்று போன சந்திப்பில் ஒருவர் கேட்டிருந்தார். ஊருக்குள் குறைந்த தூரம் ஓடி, ராத்திரி வீட்டில் நிறுத்துகிறவர் என்றால் மின்சார மினி வண்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் 240 கிலோமீட்டர் லோடோடு போகிற மாமா மாதிரி ஆளுக்கு இன்றைக்கு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஜனவரி டியூவை மாமா அத்தையின் வளையலை வைத்துக் கட்டினார். மூன்று மாதம் கழித்து மீட்டார். இப்போது ஒவ்வொரு தடவை டீசல் போட்டதும் மீட்டர் போட்டோ எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, நான் கேட்டதே இல்லை. இன்று காலையிலும் வந்தது: 17.2 லிட்டர். கீழே ஒரு வரி, "பாட்டில்ல புடிச்சிப் பாத்துட்டேன், சுத்தம்."

கேள்விகளுக்குப் போகலாம். மைக்கை ஆன் செய்துவிட்டுப் பேசுங்கள்.